மூக்கடைப்பும் நைட் ஷிப்டும்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கம்போல சாக்கு சொல்லலாம்தான். ஆனா இந்தத் தடவை ஆணி வீட்டுல. எங்க வீட்டுக்குப் புது டேமேஜர் வந்து அஞ்சு மாசம் ஆகுது. லீவு, பெர்மிஷன் எல்லாம் கேக்கவே முடியாது. எஸ்கலேஷன் மட்டும் நாலு தெருவுக்குக் கேக்கும்.

மார்கழி பொறந்த வாரம் எனக்கு ஜலதோஷம். ரெண்டு நாள் கழிச்சு தங்கமணிக்கு. அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு டேமேஜருக்கு. ஆபீஸ்லேர்ந்து கொண்டுவந்தவன் நான்தான்னு ரூட் காஸ் அனாலிசிஸ்ல சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபணம் ஆயிடுச்சு. அதை யாரும் மறக்க விடல.

நமக்கு மூக்கு அடைச்சா வாயைத் திறந்து மூச்சு விட்டுட்டுப் போயிடுவோம். முதல் சில மாசத்துக்குக் குழந்தைங்க பெரும்பாலும் மூக்கு வழியாத்தான் மூச்சு விடும். அந்த மூக்கோ குந்துமணி சைஸ். கொஞ்சம் சளி சேர்ந்தாலே டிராஃபிக் ஜாம். நாலு வாய் பால் குடிப்பா, மூச்சு கிடைக்காம விட்டுட்டு அழுவா. பசி அடங்காது, அதுக்கு ஒரு அழுகை. அழுதா மூக்கு இன்னும் ஒழுகும். சுத்தமான இன்ஃபினிட் லூப்.

படுக்க வெச்சா இன்னும் மோசம். படுத்த நிலையில மூக்குக்குள்ள ரத்தம் கூடுதலா சேர்ந்து சவ்வு வீங்கும், சளியும் பின்னாடி தொண்டைப் பக்கம் இறங்கும். தோள்ல போட்டா அஞ்சு நிமிஷத்துல தூங்கிடுவா. கீழ விட்ட மூணாவது நிமிஷம் 'கர்ர்... கர்ர்...', அஞ்சாவது நிமிஷம் வீல்!

அம்மா அப்போ ஊர்லேர்ந்து வந்திருந்தாங்க. திருநெல்வேலிக்காரங்க, கை வைத்தியத்துல பி.எச்.டி. "பிள்ளைய தூளில போடுல. தலை கொஞ்சம் ஒசக்க இருந்தா மூச்சு முட்டாது. உன்னைய அப்படித்தான் வளத்தேன்." கூடவே மூக்குல ரெண்டு சொட்டு எண்ணெய், நெஞ்சுல தைலம், சாயங்காலம் சாம்பிராணின்னு பெரிய லிஸ்ட். தங்கமணி என்னைப் பார்த்தா. நான் கூரையைப் பார்த்தேன்.

தலை உயரமா இருக்கணும், அவ்வளவுதானே? நாம எதுக்கு இஞ்சினியரிங் படிச்சோம்? மெத்தைக்கு அடியில காலேஜ் காலத்து தெர்மோடைனமிக்ஸ் புத்தகத்தையும் இன்னொரு குண்டு புத்தகத்தையும் சொருகி ஒரு சாய்தளம் ரெடி பண்ணேன். அந்தப் புத்தகத்தால எனக்குக் கிடைச்ச முதல் உபயோகம்! இருபது நிமிஷம் கழிச்சுப் போய்ப் பார்த்தா, டேமேஜர் சறுக்கி மெத்தையோட அடியில கிடக்கறா. முகவாய் நெஞ்சுல ஒட்டியிருக்கு, கர்ர் சத்தம் ரெண்டு மடங்கு.

மறுநாள் டாக்டர்கிட்ட போனோம். என் சாய்தளத்தைப் பெருமையா சொன்னேன். அந்தம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டு நிமிர்ந்து பார்த்தாங்க. "சார், இந்த வயசுல தலை கனம், கழுத்துல பலம் கம்மி. சாய்ச்சு வெச்சா தலை முன்னாடி விழுந்து மூச்சுக்குழாய் மடங்கிடும். மூக்கடைப்பு தானா சரியாயிடும், மூச்சுக்குழாய் மடங்கினா குழந்தைக்குத் தானா சரி பண்ணிக்கத் தெரியாது." தூளிக்கும் அதே கணக்குதான், உள்ள முதுகு வளைஞ்சு முகவாய் நெஞ்சுல போய் இடிக்கும். முழிச்சிருக்கும்போது நாம பக்கத்துல நின்னு ஆட்டலாம், தூங்கிட்டா எடுத்து சமமான மெத்தையில மல்லாக்கப் போடணும். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். 10 டிகிரிக்கு மேல சாய்வா இருக்கற குழந்தைத் தூக்க சாதனங்களை அமெரிக்காவுல 2022-ல சட்டம் போட்டே தடை பண்ணியிருக்காங்க.

எண்ணெய்க்கும் தடா. அது மூச்சோட நுரையீரலுக்குள்ள போனா நிமோனியா மாதிரி ஆயிடுமாம். கற்பூரம் கலந்த தைலம் ரெண்டு வயசு வரைக்கும் கூடாது. சாம்பிராணி, கொசுவத்திப் புகை வேண்டாம். ஒரு வயசுக்குள்ள தேன் கிடையாது. சளி சிரப் பத்தி வாயே திறக்கக் கூடாது. 2025-ல மத்தியப் பிரதேசத்துல இருமல் மருந்து குடிச்ச குழந்தைகளுக்கு நடந்ததைப் படிச்ச பிறகு நாங்க கேக்கவும் இல்ல.

அப்போ என்னதான் பண்றது? உப்புத்தண்ணி சொட்டு மருந்து. ஒவ்வொரு மூக்குலயும் ரெண்டு சொட்டு, பால் குடுக்கறதுக்குப் பத்து பதினஞ்சு நிமிஷம் முன்னாடி. கொஞ்சம் பொறுத்து, ரப்பர் பல்பை வெளியிலயே அமுக்கிட்டு, மூக்கு வாசல்ல வெச்சு மெல்ல விடணும். அடிக்கடி உறிஞ்சினா சவ்வு வீங்கி நிலைமை இன்னும் மோசமாகும். பாலைக் கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி குடுக்கணும். நெஞ்சுல நிமிர்த்திப் போட்டுத் தூங்க வைக்கலாம், தூக்கிட்டு இருக்கறவங்க முழிச்சிருக்கணும். இந்தக் கடைசி வரியை டாக்டர் ரெண்டு தடவை சொன்னாங்க. சோபாவுல உக்காராதீங்கன்னும் சொன்னாங்க.

நான் தலையை ஆட்டினேன்.

மூணாவது ராத்திரி. தங்கமணி ரெண்டு நாளா கண் மூடல, அதனால உள்ள அனுப்பிட்டேன். ஹால்ல நடந்து நடந்து கால் கடுத்துது. சும்மா ரெண்டு நிமிஷம்னு சோபாவுல சாய்ஞ்சேன். டேமேஜர் நெஞ்சு மேல, சூடா, புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விட்டுட்டு இருந்தா. அந்தச் சூடு இருக்கே, அதைவிடப் பெரிய தூக்க மாத்திரை உலகத்துல கிடையாது.

முழிச்சப்போ மணி 3:40. நெஞ்சு மேல யாரும் இல்ல.

என் கைக்கும் சோபா முதுகுக்கும் நடுவுல நழுவிப் போயிருந்தா. முகம் குஷன் பக்கம் திரும்பி இருந்தது. எடுத்தேன். எடுத்த அந்த ஒரு செகண்டை எப்படி எழுதறதுன்னு தெரியல. அவ ஒரு தும்மல் போட்டா. சளி என் சட்டையெல்லாம். அப்புறம் கத்தினா. அந்த அழுகையைக் கேட்டு நான் கும்பிடாத சாமி இல்ல.

அவளைத் தோள்ல போட்டுக்கிட்டு ஜன்னல் ஓரமாவே விடியற வரைக்கும் நின்னேன். யார்கிட்டயும் எதுவும் சொல்லல. காலையில, "ஆபீஸ்ல ஆன்கால் ரோட்டா போடற மாதிரி வீட்டுலயும் போடலாமே"ன்னு மட்டும் சொன்னேன். 9 முதல் 1 அம்மா, 1 முதல் 4 நான், 4 முதல் தங்கமணி. உக்காரணும்னா டைனிங் டேபிள் மர நாற்காலிதான். கண்ணு சொருகினா அடுத்த ஆளை எழுப்பணும், எழுப்பினா யாரும் திட்டக் கூடாது. தங்கமணி சிரிச்சா. "எல்லாத்துக்கும் உங்களுக்கு ஒரு எக்ஸெல் ஷீட் வேணும்!"

அஞ்சாவது ராத்திரி லேசா காய்ச்சல். மூச்சு வேகமா இருக்கற மாதிரி இருந்தது. ரெண்டு மாசத்துலேர்ந்து ஒரு வயசு வரைக்கும் நிமிஷத்துக்கு 50 அல்லது அதுக்கு மேல போனா வேக மூச்சு, இது உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு. எண்ணினேன், 54. அடுத்த இருபதாவது நிமிஷம் ஆஸ்பத்திரியில இருந்தோம். டியூட்டி டாக்டர் சின்னப் பையன், என்னைவிட வயசு கம்மி. காய்ச்சல் இறங்கி அவ அமைதியாகற வரைக்கும் காத்திருந்து, முழுசா ஒரு நிமிஷம் எண்ணினார். 44. "அழும்போதும் காய்ச்சல்லயும் கூடத்தான் இருக்கும். ஆனா வந்தது சரிதான்"னார். விலா உள்ள இழுக்குதா, மூக்கு விடைக்குதா, உதடு நீலமா இருக்கா, பால் குடிக்க மறுக்குதா, ஒண்ணுக்குப் போறது குறைஞ்சிருக்கா, இதுல எதைப் பார்த்தாலும் யோசிக்காம வாங்கன்னார். மூணு மாசத்துக்குக் கீழ இருந்தா காய்ச்சல்னாலே உடனே வரணுமாம்.

பத்தாவது நாள், சமமான மெத்தையில மல்லாக்கப் படுத்து நாலு மணி நேரம் தூங்கினா. நாங்கதான் தூங்கல. மூச்சு வருதான்னு மூணு பேரும் மாத்தி மாத்திப் போய்ப் பார்த்துட்டு இருந்தோம் :-)

பொங்கல் முடிஞ்சு அம்மா ஊருக்குக் கிளம்பினாங்க. ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அந்த ரோட்டா போட்ட நாள்லேர்ந்து என் ஷிப்ட் நேரத்துல அம்மாவும் ஹால்லயே இருந்தாங்க. பூண்டு உரிப்பாங்க, துணி மடிப்பாங்க. "உங்க ஷிப்ட் முடிஞ்சுதே, போய்ப் படுங்கம்மா"ன்னா, "வயசானா எங்கல தூக்கம் வருது"ம்பாங்க. நானும் நம்பினேன்.

ரயில் கிளம்பற நேரம். ஜன்னல் கம்பி வழியா என் கையைப் பிடிச்சாங்க. டேமேஜரைப் பத்தி ஏதோ சொல்லப் போறாங்கன்னு குனிஞ்சேன்.

"ஏல, இனிமே பிள்ளைய வச்சிக்கிட்டு அந்தச் சோபாவுல உக்காராத."

அவ்வளவுதான். வண்டி நகர்ந்துடுச்சு.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, பொட்டி தட்டறவன். உங்க குட்டிக்கு என்னன்னு உங்க டாக்டரைக் கேளுங்க. தங்கமணிக்கு அந்த 3:40 சமாச்சாரம் இதைப் படிக்கும்போதுதான் தெரியும். நேர்ல சொல்ல நாலு தடவை வாயெடுத்தேன், முடியல. படிச்சுட்டியா? உள்ளதான் இருக்கேன். வந்து திட்டு.