அபி ரோட்டுக்கு முன்னால்

பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' 1973 மார்ச்சில் வெளிவந்தது. 1988 வரையிலான ஆண்டுகளில் மட்டும் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் மொத்தம் 741 வாரம் இடம்பிடித்த ஆல்பம் இது. ஸ்டூடியோவில் ஒரு ராக் குழு எதையெல்லாம் சாதிக்கலாம் என்று காட்ட நினைப்பவர்கள் முதலில் இதைத்தான் எடுத்து வைப்பார்கள். லண்டன் அபி ரோடு ஸ்டூடியோ, பதினாறு டிராக் நாடா, ஒலிப்பொறியாளர் ஆலன் பார்சன்ஸ், ஒருசேர அலறும் கடிகாரங்கள், தாளம் பிசகாமல் விழும் நாணயங்கள் என்று இதன் புகழுரைகள் எல்லாம் கருவிகளையும் அறையையும் சுற்றியே வருகின்றன. இவ்வளவு நுணுக்கமாக இழைத்த ஒலி வேறெங்கே பிறந்திருக்க முடியும் என்றுதான் கேட்கிறவர்களுக்கும் தோன்றும். ஆனால் 1972-இன் மேடைப் பதிவுகளையும், டிரம்ஸ் கலைஞர் நிக் மேசன் எழுதிய குழு வரலாற்றையும், 2011-இல் குழுவே வெளியிட்ட பழைய நாடாக்களையும் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது. இந்த ஆல்பத்தின் எலும்பும் வரிசையும் மேடையில் உருவானவை. ஸ்டூடியோ அதற்குச் சதையும் தோலும் தந்தது.

ஸ்டூடியோவின் குழந்தை என்ற எண்ணம் இவ்வளவு ஆழமாகப் பதிந்ததற்கு ஒரு திரைப்படமும் காரணம். ஏட்ரியன் மேபன் இயக்கிய 'லைவ் அட் பாம்பேயி' படத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட காட்சிகளில், குழுவினர் அபி ரோட்டில் இந்த ஆல்பத்துக்காக உழைப்பதைப் பார்க்கிறோம். ராஜர் வாட்டர்ஸ் சிந்தசைசரின் திருகுகளைத் திருப்புகிறார், டேவிட் கில்மோர் கிட்டார் சேர்க்கிறார், ரிச்சர்ட் ரைட் பியானோவின் முன் அமர்ந்திருக்கிறார். கண்ணால் பார்த்தது மனத்தில் தங்கிவிடுகிறது. ஆனால் அந்த ஸ்டூடியோ வேலை தொடங்கியதே 1972 ஜூன் மாதத்தை ஒட்டித்தான். அதே ஆண்டு ஜனவரி 20 அன்று பிரைட்டன் டோம் அரங்கில் இந்தப் படைப்பு மேடையேறியிருந்தது. 'மணி' பாடலின் நடுவே கருவிக்கோளாறால் அன்று நிறுத்த வேண்டிவந்தாலும், அடுத்தடுத்த கச்சேரிகளில் முழுவதையும் வாசித்தார்கள். பிப்ரவரியில் லண்டன் ரெயின்போ அரங்கில் பத்திரிகையாளர்கள் கேட்டு எழுதினார்கள். பிறகு ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் அது பயணப்பட்டது. அபி ரோட்டில் நாடா சுழலத் தொடங்கியபோது, மூன்று கண்டங்களின் ரசிகர்கள் ஏற்கெனவே கேட்டுவிட்ட ஒன்றைத்தான் குழுவினர் பதியப் போனார்கள்.

இதற்கும் கீழே தோண்டினால் இன்னும் பழைய துண்டுகள் கிடைக்கின்றன. 'அஸ் அண்ட் தெம்' பாடலின் மெட்டை, அன்டோனியோனியின் 'ஸப்ரிஸ்கி பாயிண்ட்' படத்துக்காக ரைட் பியானோவில் அமைத்தார். இயக்குநர் அதை ஏற்கவில்லை. 'பிரீத்' பாடலின் முன்வடிவம், 1970-இல் ஓர் ஆவணப்படத்துக்காக வாட்டர்ஸ் ரான் கீசனோடு சேர்ந்து செய்த இசைத்தட்டில் இருக்கிறது. 'பிரெய்ன் டேமேஜ்' 1971-இல் 'மெடில்' ஆல்பத்தின் நாட்களிலேயே முளைத்தது. அப்படியானால் பிறப்பிடம் மேடையும் அல்ல, இந்தப் பழைய மெட்டுகள்தானே என்று ஒருவர் கேட்கலாம். இந்தக் கேள்வி நியாயமானது. ஆனாலும் நான் அதற்கு இணங்க மாட்டேன். இந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று உறவில்லாமல் தனித்தனியே கிடந்தவை. 1971-இன் இறுதியில் லண்டன் கேம்டனில் மேசனின் வீட்டுச் சமையலறையில் நால்வரும் கூடியபோதுதான் அவற்றுக்கு ஒரு நூல் கிடைத்தது. ஓயாத பயணம், கழியும் காலம், பணம், வன்முறை, சாவு, மனநலம் குலைவது என்று மனிதரை அழுத்துபவற்றை அவர்கள் பட்டியலிட்டார்கள். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பாரெட் மனம் தடுமாறி 1968-இல் விலக நேர்ந்ததை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பட்டியலின் கடைசி இனம் வெறும் கருப்பொருளாக இருந்திருக்காது. நூல் அப்படிக் கிடைத்தது. ஆனால் அது தாங்குமா, எங்கே அறுகிறது என்பதை மேடைதான் சொன்னது. தொடக்க வடிவத்தில் 'எக்ளிப்ஸ்' இல்லை. படைப்பு முடிவில்லாமல் நிற்கிறது என்று பட்டதால் வாட்டர்ஸ் அதைக் கச்சேரிகளுக்கிடையே எழுதிச் சேர்த்தார். எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டும் அந்த இறுதிப் பாடல் இல்லாமல் இன்று இந்த ஆல்பத்தை நினைத்துப் பார்க்கவே முடியாது.

இனி வலுவான மறுப்புக்கு வருகிறேன். இந்த ஆல்பத்தில் நம்மை உலுக்குகிற பலவும் மேடை வடிவத்தில் இல்லை. சிந்தசைசர் பாய்ந்தோடும் 'ஆன் த ரன்' இருக்கும் இடத்தில் 1972-இல் கிட்டாரும் கீபோர்டும் இழையும் ஒரு வாசிப்புதான் இருந்தது. 'த கிரேட் கிக் இன் த ஸ்கை' இருக்கும் இடத்தில் ஆர்கன் இசையும் சமயப் பேச்சின் பதிவுகளும் ஒலித்தன. கிளேர் டோரி வார்த்தையே இல்லாமல் பாடிய அந்தப் பெருங்குரல் 1973 ஜனவரியில்தான் வந்தது. அதற்கு அவருக்குக் கிடைத்தது 30 பவுண்டு. பாடலாக்கத்தில் அவருக்கும் பங்குண்டு என்பது 2005-இல் வழக்கு சமரசமான பிறகே ஏற்கப்பட்டது. கடிகாரங்கள் பார்சன்ஸ் ஏற்கெனவே ஒரு கடிகாரக் கடையில் பதிந்து வைத்திருந்தவை. இவையெல்லாம் இல்லாத படைப்பை அதே படைப்பு என்று சொல்லலாமா?

சொல்லலாம் என்பதற்கு அந்த மாற்றங்களே சான்று. 2011-இல் குழு வெளியிட்ட பெட்டித் தொகுப்பில் அந்தப் பழைய பகுதிகள் இரண்டும் 1972 ஜூன் மாதத்து பிரைட்டன் மேடையிலிருந்து இடம்பெற்றிருக்கின்றன. கேட்டுப் பார்த்தால், அங்கே பயணத்துக்கு ஓர் இடமும் சாவுக்கு ஓர் இடமும் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருப்பது தெளிவாகத் தெரிகிறது. ஸ்டூடியோ அந்த இடங்களைப் புதிதாக உண்டாக்கவில்லை; அவற்றில் இருந்ததை எடுத்துவிட்டு இன்னும் பொருத்தமானதை வைத்தது. டோரியின் மேதைமையை இது ஒரு துளியும் குறைக்காது. அவர் பாட வந்தபோது, சாவைப் பற்றிய ஒரு பகுதி ஓராண்டாகத் தன் குரலைத் தேடிக்கொண்டிருந்தது. பாடல்களுக்கிடையே கேட்கும் பேச்சுக் குரல்களும் அப்படித்தான். வாட்டர்ஸ் அட்டைகளில் கேள்விகளை எழுதி, ஸ்டூடியோவின் வாயிற்காவலர் வரை பலரிடம் பதில் வாங்கினார். கேள்விகள் வன்முறை, சாவு, மனப்பிறழ்வு பற்றியவை. அதாவது, மேடையில் முன்பே தீர்மானமாகிவிட்டவை. 'மணி' பாடலின் நாணய ஒலிகூட முதலில் வாட்டர்ஸின் வீட்டுத் தோட்டக் கொட்டகையில் செய்யப்பட்டு மேடைக்குப் போனதுதான். அபி ரோட்டில் அதை நேர்த்தியாகத் திரும்பச் செய்தார்கள்.

எல்லாக் குழுக்களும்தான் புதுப் பாட்டை மேடையில் வாசித்துப் பார்க்கின்றன, இதில் என்ன விசேஷம் என்பது இன்னொரு கேள்வி. தனிப் பாட்டை முயன்று பார்ப்பது வழக்கம்தான். முழு ஆல்பத்தையும் அதன் வரிசையிலேயே, வெளியீட்டுக்கு ஓராண்டுக்கும் மேலாக முன்பே வாசிப்பது வழக்கமல்ல. 1966 ஆகஸ்டோடு பீட்டில்ஸ் கச்சேரிச் சுற்றுப்பயணங்களை விட்டுவிட்டு 'சார்ஜென்ட் பெப்பர்' செய்ய ஸ்டூடியோவுக்குள் போனார்கள். அது உண்மையிலேயே ஸ்டூடியோவில் கருக்கொண்டது. இரண்டையும் ஒரே வகையில் சேர்ப்பது இரண்டின் வரலாற்றையும் மங்கலாக்குகிறது.

பிங்க் ஃப்ளாய்டின் அடுத்த அடியும் இதையே காட்டுகிறது. இந்த வெற்றிக்குப் பின் அவர்கள் இசைக்கருவிகளே இல்லாமல், ரப்பர் பட்டை, கண்ணாடிக் கோப்பை போன்ற வீட்டுப் பொருள்களைக் கொண்டு ஓர் ஆல்பம் செய்ய முயன்றார்கள். முழுக்க ஸ்டூடியோவை மட்டுமே நம்பிய அந்த முயற்சி கைவிடப்பட்டது. 1974-இல் மேடையில் வாசித்துப் பார்த்த மூன்று நீண்ட பாடல்களோ நிலைத்தன. 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' அடுத்த ஆல்பத்தின் தூணானது. மற்ற இரண்டும் உருமாறி 'அனிமல்ஸ்' ஆல்பத்தில் சேர்ந்தன. இதை வைத்து விதி எதுவும் வகுக்க முடியாது. ஆனால் இந்த நால்வரின் பலம் எங்கே இருந்தது என்பதை இது தெளிவாகவே சொல்கிறது.

இதைச் சொல்லிச் சொல்லி நிறுவுவது எனக்கு முக்கியமாகப் படுவதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு மறுபதிப்பும் இந்த ஆல்பத்தின் ஒலித்தரத்தையே முன்னிறுத்துகிறது. அந்தப் புகழ் பார்சன்ஸுக்கும், இறுதிக் கலவையில் துணைநின்ற கிறிஸ் தாமஸுக்கும் தகும். ஆனால் நல்ல ஒலிப்பதிவுகள் அந்தப் பத்தாண்டில் எத்தனையோ வந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஏறத்தாழ நாற்பத்து மூன்று நிமிடம் நம்மை எழவிடாமல் உட்காரவைப்பதில்லை. இது உட்காரவைக்கிறது. காரணம், எது எதற்குப் பின் வர வேண்டும், எங்கே மூச்சு வாங்க வேண்டும், எங்கே முடிய வேண்டும் என்பதை இதன் ஆசிரியர்கள் அரங்கில் இருந்த மனிதர்களின் முன்னால் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பாடத்தை விட்டுவிட்டுக் கருவிகளை மட்டும் கொண்டாடுகிற வரலாறு, இந்த ஆல்பத்தின் பாதியைத்தான் கேட்டிருக்கிறது.