வெள்ளவத்தையில் இரண்டு நாள்

அக்காவின் மகளுக்குக் கொழும்பில் கலியாணம். கோழிகளையும் தோட்டத்தையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு வெள்ளிக்கிழமை இரவு கிளிநொச்சியில் பஸ் ஏறினேன். ஒரு பையில் மாற்றுச் சேலை. மற்றப் பையில் முருங்கைக்காய், புழுக்கொடியல், பயற்றம் பணியாரம். கலியாண வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாதே.

ஓமந்தை வந்ததும் கை தன்பாட்டிலே அடையாள அட்டையைத் தேடியது. 2002 இல் ஏ9 வீதி திறந்த காலத்தில் புளியங்குளத்தில் ஒருமுறை, ஓமந்தையில் ஒருமுறை என்று இறங்கி, பொதிகளை அவிழ்த்துக் காட்டி, மறுபடி கட்டிக்கொண்டு நடந்தவர்கள் நாங்கள். 2006 ஓகஸ்டில் அந்த வழியும் அடைபட்டது. இப்போது பஸ் அந்த இடத்தில் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. பக்கத்து இருக்கையில் ஒரு பிள்ளை, இருபது வயது இருக்கும், காதில் வயரைச் செருகியபடி நல்ல நித்திரை. அவளுக்கு ஓமந்தை ஒரு ஊரின் பெயர் மாத்திரம். அப்படியே இருக்கட்டும்.

தனியாகப் போகும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். வழியில் தேநீருக்கு பஸ்ஸை நிறுத்தும்போது கூச்சப்படாமல் இறங்கிப் போய்வாருங்கள். 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம். நான் கூச்சப்பட்டு இருந்துவிட்டு, நீர்கொழும்பு தாண்டியதும் பட்ட பாட்டை எழுத முடியாது.

விடியும்போது காலி வீதியில் இறக்கிவிட்டார்கள். வெள்ளவத்தையைச் ‘சின்ன யாழ்ப்பாணம்’ என்று சொல்வார்கள். கடலைப் பார்த்துப் போகும் ஒழுங்கைகள், அவற்றின் முடிவில் ரயில் பாதை, அதற்கப்பால் அலை. கடைகளில் ஒடியல் மாவும் பனங்கட்டியும் தொங்குகின்றன. நான் மடியில் வைத்துச் சுமந்து வந்த முருங்கைக்காய் சந்தையில் குவிந்து கிடந்தது. ஆனால் விலையைக் கேட்டபின் என் பை பாரமாகத் தெரியவில்லை.

அண்ணன் எங்களைக் கூட்டிப்போகும்போது ஒரு பழைய லொட்ஜைக் காட்டினார். 2007 ஜூன் 7 ஆம் திகதி விடியற்காலை கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்களே, நினைவிருக்கிறதா? மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தும்படி இடைக்காலத் தடை விதித்தது. இப்போது அந்தக் கட்டடத்தின் கீழே ஒரு தையல் கடை. என் சட்டையின் கையை அங்கேதான் இறுக்கித் தைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை பகல் அக்காவும் நானும் செட்டியார் தெருவுக்குப் போனோம். தாலிக்கொடி மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. நாங்கள் போனது ஒரு தோட்டுச் சுரை மாற்றுவதற்கு. கடைக்காரர் பவுண் விலை சொன்னதும் அக்கா சிரித்துவிட்டாள். “பங்கருக்குள்ளே தாட்டுப்போட்டு வந்ததெல்லாம் இப்ப எவ்வளவு வரும் எண்டு கணக்குப் பாத்தியே?”

பின்னேரம் கடற்கரைக் கல்லில் இருந்தபோதுதான் அழைப்பிதழ்க் கதையைச் சொன்னாள்.

அத்தானை 2009 மே மாதம் வட்டுவாகலில் அவள் கண்முன்னே பஸ்ஸில் ஏற்றினார்கள். அதன்பின் ஒரு தகவலும் இல்லை. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் தாய்மாரும் மனைவிமாரும் போராட்டம் தொடங்கியபோது, முதல் நாளே போய் இருந்தவள் அக்கா. பிறகு மகளின் வேலைக்காகக் கொழும்புக்கு வந்தாள். மரணச் சான்றிதழ் எடுக்கமாட்டேன் என்று இன்றுவரை நிற்கிறாள். 2016 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, இறந்தார் என்று எழுதாமல், ஆள் காணாமற்போயுள்ளார் என்று உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறலாம். அதைத்தான் எடுத்து வைத்திருக்கிறாள். பொட்டும் தாலியும் அப்படியே.

கலியாணக் கார்ட் அடிக்கும்போது, அத்தானின் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போடுவோம், ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அவர் கெட்டவரில்லை. செலவில் பாதியை ஏற்றவரே அவர்தான். “ஒரு கந்தோர்க் கடதாசியிலும் எழுதாத சொல்லைப் பிள்ளையின்ரை கார்ட்டிலே எழுதுவேனோ?” என்று அக்கா கேட்டிருக்கிறாள். இரண்டு கிழமை பேச்சுவார்த்தை இல்லை. முடிவில் மாப்பிள்ளையின் தாயார்தான், “திரு எண்டே போடுங்கோ, எங்களுக்கு ஒரு குறையுமில்லை” என்றாராம். அவவும் முள்ளியவளைக்காரி.

நான் ஒன்றும் பேசவில்லை. என் கணவரை 2009 மார்ச்சில் மாத்தளனில் என் கையாலேயே மண்போட்டு மூடிவிட்டு வந்தேன். அந்தச் சொல்லை எத்தனையோ படிவங்களில் எழுதிக் கொடுத்துவிட்டேன். எழுதும்போது கை நடுங்கியதில்லை, கண்ணால் கண்டது. எங்கள் இருவரில் ஆருக்குப் பாரம் கூட என்று நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை. அன்றும் கதைக்கவில்லை. ரயில் ஒன்று காதை அடைத்துக்கொண்டு போனது, எழும்பி வந்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபம். குளிரூட்டியிருந்தார்கள், எனக்கு நடுக்கமே எடுத்தது. கன்னிகாதானத்தை அண்ணனும் அண்ணியும் செய்துகொடுத்தார்கள். அக்கா மணவறைக்குப் பக்கத்தில் நின்றாள். முன்வரிசையில் இருந்த ஒரு ஆச்சி அவள் பொட்டைப் பார்த்துவிட்டு, “மனுசன் எங்கை பிள்ளை?” என்று கேட்டா.

“வரேல்லை, ஆச்சி” என்றாள் அக்கா.

அறுகரிசி போட எல்லாரையும் கூப்பிட்டபோது நான் தூணோடு நின்றேன். என்னை ஒருவரும் தடுத்ததில்லை. இருந்தாலும் கால் தானாகவே பின்னுக்குப் போய்விடும், உங்களில் பலருக்கும் இது தெரியும். கொழும்புச் சனம் என்ன சொல்லுமோ என்ற பயம் வேறு. மகள் மணவறையிலிருந்து, “சித்தி எங்கை?” என்று தோழியிடம் கேட்டது எனக்கே கேட்டது. அக்கா வந்து கையைப் பிடித்தாள். “நீ போடாட்டி நானும் போடேல்லை.”

இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போட்டோம். மகள் குனிந்தாள். அரிசி அவள் நெற்றிச்சுட்டியில் ஒட்டிக்கொண்டது, தட்டிவிடாமல் இருந்தாள். ஆச்சி பார்த்துக்கொண்டிருந்தா. ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரம் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்து, முருங்கைக்காய்க் கறி ஊர்க்காயோ என்று விசாரித்தா.

இரவு பஸ்ஸுக்கு வரும்போது பலகாரப் பொதியோடு அக்கா இரண்டு கார்ட் தந்தாள். ஒன்று எனக்கு. மற்றது, என் வீட்டில் அவள் விட்டுவைத்திருக்கும் தகரப் பெட்டிக்குள், அத்தானின் சாரத்துக்கு மேலே வைக்கச் சொன்னாள்.

திங்கள் விடிய வந்து, முகம் கழுவி, முதலில் அதைத்தான் செய்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏழு முட்டை எடுத்து வைத்திருந்தாள்.