பெரிய எண் எது?

பதிவு கொஞ்சம் நீளம். கணக்கும் இருக்கிறது. பயப்படாமல் படியுங்கள்.

கம்ப்யூட்டர் கம்பெனி இன்டர்வியூவில் புதிதாக வரும் பிள்ளைகளிடம் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று இது: ஒரு வரிசையில் சில எண்கள் இருக்கின்றன, அவற்றில் பெரியது எது? கேட்டால் சிரிப்பு வரும். மூன்றாம் வகுப்புக் கணக்கு. பைத்தான் மொழியில் 'மேக்ஸ்' என்று ஒரு சொல் எழுதினால் கம்ப்யூட்டரே சொல்லிவிடும். நாலு வருஷம் இன்ஜினீயரிங் படித்த பிள்ளையிடம் இதை ஏன் கேட்கிறார்கள்?

என்னிடம் படித்த ஒருவனின் மகள் இரண்டு மாதமாக வீட்டுக்கு வருகிறாள். அப்பா எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். குடும்பத்தில் முதல் பட்டதாரி. இரண்டு இன்டர்வியூவில் தேறவில்லை. "விடை சரியாத்தான் எழுதினேன் டீச்சர். அவங்க ஏதேதோ கேட்டாங்க. எனக்குப் பேச்சே வரல" என்றாள். அவளுக்குக் கோடிங் தெரியும், எனக்குக் கணக்கு தெரியும். இரண்டு பேருமாக உட்கார்ந்தோம்.

வழி எளிது. காசிமேட்டில் மீன் ஏலம் பார்த்திருப்பீர்கள். அத்தனை கூச்சலில் ஏலம் விடுபவர் மனதில் ஒரே ஒரு எண்தான் நிற்கும், இதுவரை வந்ததில் பெரியது. அதைவிடக் குறைத்து யார் கத்தினாலும் காதில் விழாது. கூட்டிக் கேட்டால் பழையதை விட்டுவிட்டுப் புதியதைப் பிடித்துக்கொள்வார். கம்ப்யூட்டருக்கும் இதையேதான் சொல்லித்தர வேண்டும். எண்கள் நூறு இருந்தால் 99 முறை ஒப்பிட்டால் போதும்.

அவள் எழுதியதன் முதல் வரி, 'பெரியது = 0'. அங்கிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு எண்ணாகப் பார்க்கிறாள். நான் ஒரு விசைப்படகின் கணக்கைக் கொடுத்தேன். டீசல், ஐஸ், ஆள் கூலி எல்லாம் போக மூன்று நடையிலும் நஷ்டம். ஆயிரத்தில் சொன்னால் −4, −2, −7. இதில் பெரியது எது? அவள் எழுதியது 0 என்று சொன்னது. அப்படி ஒரு நடையே இல்லையே அம்மா! சரியான விடை −2, இருப்பதிலேயே குறைந்த நஷ்டம். பூஜ்யத்தில் ஆரம்பிக்கக் கூடாது, வரிசையின் முதல் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பிக்க வேண்டும். சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

"அப்போ வரிசையில எண்ணே இல்லன்னா டீச்சர்?" என்று அவளே கேட்டாள். எனக்கு அன்று அதுதான் பெரிய சந்தோஷம். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு கடலுக்கே போகாது. அந்த நாட்களில் அதிக லாபம் தந்த நடை எது என்று கேட்டால் 'பூஜ்யம்' என்பது விடையாகாது. நடையே இல்லை. அப்போது என்ன சொல்ல வேண்டும் என்பதைக் கேள்வி கேட்டவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்த கேள்வி, இரண்டாவது பெரிய எண் எது. 98, 98, 91 என்று இருந்தால் இரண்டாவது 98ஆ, 91ஆ? ரேங்க் கார்டு எழுதிய ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் சிரிப்பீர்கள். இரண்டு பேர் முதல் ரேங்க் என்றால் அடுத்த பிள்ளைக்கு இரண்டா மூன்றா என்று ஸ்டாஃப் ரூமில் எத்தனை சண்டை! இதற்கும் ஒரே விடை கிடையாது. எந்தக் கணக்கு வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் தடுக்குவது இங்கேதான் என்று நினைக்கிறேன். பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும், எதிர்க்கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள். இன்டர்வியூவிலோ எதிர்க்கேள்விக்குத்தான் மார்க். 'எண்களில் மைனஸ் வருமா? ஒரே எண் இரண்டு முறை வருமா? வரிசை காலியாக இருக்கலாமா?' இந்த மூன்றையும் வாய்விட்டுக் கேட்கிற பிள்ளை தேறும். விடை தெரிந்தும் வாய் மூடி எழுதுகிற பிள்ளை வெளியே வரும். இது நியாயமா என்றால், முழு நியாயம் இல்லை. ஆனால் பழகினால் வந்துவிடும்.

இரண்டாம் இடத்தைப் பற்றி இன்னொன்று. நம் வடசென்னைப் பெண் காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கினாள் அல்லவா? கேரம் போர்டை வைத்தே இவளுக்கு விளக்கினேன். தோற்றவர் வெளியே என்ற முறையில் 16 பேர் ஆடினால் 15 ஆட்டம். ஜெயித்தவரைத் தவிர எல்லோரும் ஒருமுறை தோற்க வேண்டுமே! ஆனால் இறுதி ஆட்டத்தில் தோற்றவர்தான் இரண்டாவது சிறந்தவரா? இரண்டாவது கெட்டிக்காரர் முதல் சுற்றிலேயே சாம்பியனிடம் மாட்டியிருக்கலாம். சாம்பியனிடம் தோற்ற நான்கு பேரை மட்டும் மறுபடி ஆடவிட்டால், இன்னும் 3 ஆட்டத்தில் உண்மை தெரியும். மொத்தம் 18. 'ஆலிஸ்' கதை எழுதிய லூயிஸ் கரோல் ஒரு கணக்கு வாத்தியார். டென்னிஸ் போட்டிகளில் இரண்டாம் பரிசு இப்படித் தப்பான ஆளுக்குப் போகிறது என்று 1883லேயே எழுதியிருக்கிறார்.

நான் மிகவும் ரசித்தது கடைசிக் கணக்கு. படகின் ஏழு நடை, லாப நஷ்டம் ஆயிரத்தில்: 3, −5, 4, −1, 6, −9, 2. அடுத்தடுத்து வந்த நடைகளில் எந்தத் தொடர்ச்சி அதிக லாபம் கொடுத்தது? ஏழு நடைக்கு 28 தொடர்ச்சிகள் உண்டு, எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கலாம். 365 நடை என்றால் 66,795. 1977இல் உல்ஃப் கிரெனாண்டர் என்ற பேராசிரியர் படங்களில் வடிவம் தேடும் ஆராய்ச்சியில் இந்தக் கேள்வியை எழுப்பினார். சுருக்கு வழி கண்டவர் ஜே கடேன் என்ற புள்ளியியல் அறிஞர். ஒரு கருத்தரங்கில் கேள்வியைக் கேட்டு ஒரு நிமிடத்தில் சொன்னாராம்.

அவர் வழி இதுதான். ஒவ்வொரு நடையிலும் ஒரே கேள்வி: இதுவரை வந்த கூட்டுத்தொகையோடு இதைச் சேர்ப்பதா, இங்கிருந்தே புதிதாக ஆரம்பிப்பதா? எது பெரியதோ அது. முதலில் 3. அடுத்து −5 சேர்ந்து −2. மூன்றாவது நடையில் 4. −2ஐ இழுத்துக்கொண்டு வந்தால் 2தான் கிடைக்கும், அதை விட்டுவிட்டால் 4. விட்டுவிடு! பிறகு 3, 9, 0, 2. இடையில் வந்த பெரிய தொகையை மட்டும் ஏலக்காரர் மாதிரி நினைவில் வைத்திருந்தால் விடை 9. நடுவில் இருந்த −1ஐ விடவில்லை பாருங்கள். சின்ன நஷ்டத்தைத் தாங்கினால்தான் அடுத்த 6 சேரும்.

இப்போது அவளோடு இன்னும் நான்கு பிள்ளைகள் வருகிறார்கள். திருவொற்றியூரிலிருந்து இரண்டு பேர், எண்ணூரிலிருந்து இரண்டு பேர். கணக்கு நான் சொல்லிவிடுவேன். இன்டர்வியூ மாதிரி எதிரே உட்கார்ந்து, இங்கிலீஷில் கேள்வி கேட்டு, அவர்கள் எதிர்க்கேள்வி கேட்கும்வரை விடாமல் பேசவைக்க ஆள் வேண்டும். சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் என் மாணவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம். வெளிநாட்டில் இருப்பவர்கள் வீடியோ காலில் வாருங்கள். அவளுக்கு அடுத்த இன்டர்வியூ இன்னும் மூன்று வாரத்தில். யார் யார் வருகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள்.