சீலோவாமின் கோபுரமும் நடூரின் சுவரும்



அன்புள்ள தேவன் தீமையை ஏன் அனுமதிக்கிறார் என்ற கேள்வியை நீங்கள் என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். வேதபாட வகுப்பில் கேட்டதுண்டு. அடக்க ஆராதனை முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும் வழியில், குரல் தழுதழுக்கக் கேட்டதும் உண்டு. பொதுவாகப் பேசினால் இந்தக் கேள்வி காற்றில் கரைந்துபோகும். ஆகையால் இந்த வாரம் அதை ஓர் இடத்தில் நிறுத்தி வைத்துச் சிந்திப்போம். அந்த இடம் நமக்குத் தூரமானதன்று. பல்லடத்திலிருந்து அவிநாசி, அன்னூர் வழியாகப் போனால் மேட்டுப்பாளையம், அங்கே நடூர்.

2019 டிசம்பர் 2, திங்கட்கிழமை. முந்தின நாள்தான் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. பல சபைகளில் முதல் மெழுகுவர்த்தி ஏற்றப்பட்டிருந்தது. அன்றிரவு கனத்த மழை. பொழுது விடியுமுன், நடூரில் ஆதிதிராவிடர் குடியிருப்பை ஒட்டி நின்ற சுமார் 20 அடி உயரச் சுற்றுச்சுவர் சரிந்து, அதன் அடியிலிருந்த ஓட்டு வீடுகளின்மேல் விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மரித்தார்கள். ஆண்கள், பெண்கள், பிள்ளைகள்.

நம் ஆண்டவர் உலகத்தில் இருந்த நாளிலும் இப்படி ஒன்று நடந்திருந்தது. எருசலேமில் சீலோவாம் என்னும் இடத்தில் ஒரு கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் மாண்டார்கள். லூக்கா தம் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் இதை எழுதிவைத்திருக்கிறார். அதே பகுதியில், பலி செலுத்த வந்த கலிலேயரைப் பிலாத்து கொன்ற செய்தியும் இருக்கிறது. ஒன்று வாளால் வந்த சாவு, மற்றது கல்லால் வந்த சாவு. மனிதர் செய்யும் கொடுமை ஒருபுறம், தானாக நேர்ந்ததுபோல் தோன்றும் விபத்து மறுபுறம். தீமையைப்பற்றி நாம் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் இவ்விரண்டில் ஏதோ ஒன்றைச் சார்ந்தவையே.

அந்த 18 பேரும் எருசலேமில் குடியிருந்த மற்றெல்லாரைக் காட்டிலும் குற்றவாளிகளோ? இயேசுவே இந்தக் கேள்வியை எழுப்பி, அவரே இல்லையென்று மறுக்கிறார். அந்த மறுப்பை நாம் போதிய அளவு காதுகொடுத்துக் கேட்கவில்லை. ஊரில் சிலர் விதி என்பார்கள், சிலர் முன்வினை என்பார்கள். நம்மவர் அவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டு, தசமபாகம் கொடுக்கவில்லை, உபவாசம் இருக்கவில்லை, வீட்டில் ஏதோ சாபம் இருக்கிறது என்கிறார்கள். பெயர் மாறியிருக்கிறது, சரக்கு அதேதான்.

மறுத்த பிறகு அவர், கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து மனந்திரும்பச் சொல்கிறார். இந்த வசனத்தை நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தவே பிரசங்கிமார் அதிகமாக எடுத்துக்கொள்கிறார்கள். நான் அதை வேறுவிதமாக வாசிக்கிறேன். செத்தவர்களின் கணக்கைப் புரட்டிக்கொண்டிருந்த கையைப் பிடித்து, உன் கணக்கைத் திற என்று அவர் உயிரோடிருக்கிறவர்களிடம் சொல்லுகிறார்.

அப்படித் திறந்தால் என்ன தென்படும்? உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் ஒரு சிறிய கட்டளை உண்டு. புதுவீடு கட்டுகிறவன் மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும். இல்லாவிட்டால், அங்கிருந்து ஒருவன் விழுந்து இறக்கும்போது அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும். சீனாய் மலையில் இடிமுழக்கத்தோடு பேசிய தேவன் கொத்தனார் வேலைக்கும் சட்டம் கொடுத்திருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. அயலானின் உயிருக்கு ஆபத்தாகக் கட்டாதே என்று அவர் முன்னமே சொல்லிவிட்டார். நடூர் மக்களோ அந்தச் சுவரைப்பற்றித் தாங்கள் முன்பே முறையிட்டதாகச் சொன்னார்கள். தங்களை ஒதுக்கிவைக்க எழுந்த தீண்டாமைச் சுவர் அது என்றும் சொன்னார்கள். சுவரின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். இங்கே தேவன் ஏன் அனுமதித்தார் என்று கேட்குமுன், எத்தனை மனிதர் அனுமதித்தார்கள் என்று கேட்பது நியாயம்.

1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்களின் திருநாள். காலை ஆராதனை நேரத்தில் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் தகர்ந்தது. ஆலயங்களில் கூடியிருந்தவர்கள் இடிபாட்டில் புதைந்தார்கள். கடவுளின் நன்மையைப்பற்றி ஐரோப்பா முழுவதும் தர்க்கம் எழுந்தது. வோல்டேர் கசந்துபோய் எழுதினார். அதற்கு ரூசோ அனுப்பிய மறுமொழியில், ஆறேழு மாடி வீடுகளை அங்கே நெருக்கிக் கட்டியது இயற்கையா என்று கேட்டார். அவர் ஒன்றும் சபைத் தூண் அல்லர். ஆனாலும் கேட்டது நல்ல கேள்வி. நம் ஊரில் தறிக்கூடம் வைத்திருக்கிறவர்களும், கோழிப்பண்ணை நடத்துகிறவர்களும், வெளிமாநிலத் தொழிலாளருக்கு வரிசை வீடு கட்டி வாடகைக்கு விடுகிறவர்களும் இதை வாசிக்கிறீர்கள். கூரையிலிருந்து தொங்குகிற மின்கம்பியும் விரிசல் கண்ட சுவரும் உங்களுக்குத் தெரியும்.

இதோடு முடித்துவிட்டால் நான் உங்களை ஏமாற்றியவனாவேன். மனிதனுக்குத் தேவன் சுயாதீனம் கொடுத்தார், அவன் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறான் என்ற பதில் அகுஸ்தீன் காலமுதல் நம்மிடம் உண்டு. அது உண்மையான பதில்தான். ஆனால் அது சுவரைக் கட்டினவனைப்பற்றிப் பேசுகிறது. சுவரின்கீழ் உறங்கிய பிள்ளையைப்பற்றிப் பேசவில்லை. இன்னும் இரண்டு மணி நேரம் அந்தக் கல் தாங்கியிருந்தால் பலர் எழுந்து வேலைக்குப் புறப்பட்டிருப்பார்கள். காற்றையும் கடலையும் அதட்டினவர் ஒரு மழையை அதட்டியிருக்கக்கூடாதா?

யோபின் பிள்ளைகள் பத்துப்பேரும் வீடு இடிந்து விழுந்துதான் மாண்டார்கள். அவனுடைய சிநேகிதர் வந்து ஏழு நாள் வாய் திறவாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அது. பிறகு விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். கடைசியில் தேவனுடைய கோபம் வந்தது யோபின்மேல் அன்று. அவரைத் தற்காத்துப் பேசிய அந்த விளக்கக்காரர்மேல்தான். தேவனை நோக்கிக் கத்தினவனைத் தேவனே நிதானமாய்ப் பேசினவன் என்று ஏற்றுக்கொண்டார். வேதாகமத்தில் எனக்கு மிகுந்த ஆறுதல் தரும் இடங்களில் இது ஒன்று.

நம் சபையிலேயே ஒரு தாய், மகனை நெடுஞ்சாலை விபத்தில் பறிகொடுத்து, “ஐயா, நான் என்ன பாவஞ்செய்தேன்?” என்று கேட்டார்கள். அதற்குள் மூன்று பேர் அவர்கள் வீட்டுக்குப் போய் மூன்று காரணம் சொல்லியிருந்தார்கள். மகன் தேவனுக்கு அதிகப் பிரியமாயிருந்தபடியால் எடுத்துக்கொண்டார் என்பது ஒன்று. “பிரியமாயிருந்தால் எடுத்துக்கொள்வாரா? அப்படியானால் என் மகளை அவர் பிரியப்படவேண்டாம்” என்றார்கள் அந்தத் தாய். அதை நான் அவிசுவாசம் என்று எண்ணவில்லை. அது யோபின் மொழி.

சபையாரே, தேவனுடைய பதிலாக நமக்குக் கொடுக்கப்பட்டிருப்பது ஒரு விளக்கவுரை அன்று. அது நகரத்தின் மதிலுக்கு வெளியே நாட்டப்பட்ட ஒரு சிலுவை. தள்ளப்பட்டவர்கள் கிடக்கிற பக்கத்தில்தான் நம் இரட்சகர் மரித்தார். ஏன் என்னைக் கைவிட்டீர் என்று அவரும் கேட்டார். அந்த நேரத்தில் வானத்திலிருந்து மறுமொழி வந்ததாக எந்தச் சுவிசேஷகரும் எழுதவில்லை. மூன்றாம் நாளில் பிதா கல்லறையைத் திறந்தார். அங்கேயும் குமாரனின் கைகளில் காயம் மறையவில்லை. உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறவன் காயமே இல்லை என்று சொல்லத் தேவையில்லை.

பவுல் எபேசியருக்கு எழுதும்போது, யூதருக்கும் புறஜாதியாருக்கும் நடுவே நின்ற சுவரை அந்தச் சிலுவை இடித்துப்போட்டது என்கிறார். இடிந்ததை நாம் திரும்பக் கட்டியிருக்கிறோம். திருச்சி மேலப்புதூரில் கிறிஸ்தவர்களுடைய கல்லறைத் தோட்டத்திலேயே சாதிக்காகச் சுவர் எழுந்தது. உயிர்த்தெழுதலை அறிக்கையிட்டுப் புதைக்கும் இடத்தில்! தீமையை ஏன் விட்டுவைத்திருக்கிறீர் என்று தேவனைக் கேட்கும்போது, நாம் அந்தச் சுவரின் எந்தப் பக்கத்தில் நின்று கேட்கிறோம்?

நடூரில் தம் பிள்ளைகள் இருவரையும் இழந்த ஒரு தகப்பனார், அன்றே அவர்களுடைய கண்களைத் தானமாக ஒப்புக்கொடுத்தார். அதை நினைக்கும்போதெல்லாம் சீலோவாம் என்ற பெயர் எனக்கு மறுபடி ஞாபகத்துக்கு வருகிறது. பிறவிக்குருடன் ஒருவனைக் கண்டு, இவன் பாவமா, இவனைப் பெற்றவர்கள் பாவமா என்று சீஷர்கள் கேட்டார்கள். ஆண்டவர் இரண்டையும் மறுத்து, அவன் கண்களில் சேற்றைப் பூசி, போய்க் கழுவிவிட்டு வா என்று அனுப்பினது அந்தச் சீலோவாம் குளத்துக்குத்தான். கோபுரம் இடிந்த அதே ஊர்ப்பகுதி. நடூரின் தகப்பனார் கொடுத்த கண்களால் இன்று யாரோ ஒருவர் மழையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் பிள்ளைகள் செத்தது நன்மையாகிவிடாது. அவரும் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார்.

நான் சொன்ன அந்தத் தாய் ஞாயிறுதோறும் ஜன்னல் ஓரமாய்க் கடைசிப் பாயில் உட்காருகிறார்கள். பக்கத்தில் இடம் இருக்கிறது. போய் உட்காருங்கள், அவர்கள் பேசினால் கேளுங்கள்.