புது வண்டியும் ஓர் அளவீட்டுப் பிழையும்

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கார் வாங்குவது வசதி படைத்தோர் வீட்டு விவகாரம். அதைப் பற்றி ஒரு டிரைவரின் மகள் ஆண்டு மலரில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் வியக்கலாம். வியப்பு நியாயமானதே. எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே வண்டி, பதினோராம் வகுப்பில் அரசு எனக்குத் தந்த சைக்கிள். ஆயினும் சென்ற ஆண்டு ஒரு காரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. அந்தப் பத்து நாட்களில் நான் கற்ற பாடம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

என் தந்தை 2006 முதல் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடம் டிரைவராக இருக்கிறார். அப்போது எனக்கு ஒரு வயது. அந்த ஆண்டுதான் அவர் வெள்ளை அம்பாசிடர் ஒன்றைப் புதிதாக வாங்கினார். அப்பா அவரை 'சார்' என்பார். ஆசிரியையாக இருந்த அவருடைய துணைவியாரை 'டீச்சரம்மா' என்பார். நானும் அப்படியே அழைத்துப் பழகிவிட்டேன். திண்டுக்கல்லில் வீடு, தாண்டிக்குடி மலையில் சிறு காப்பித் தோட்டம், மாதம் இருமுறை மதுரையில் மருத்துவமனை. பத்தொன்பது ஆண்டுகளாக அப்பாவின் உலகம் இந்த மூன்று ஊர்களுக்குள்தான் சுழன்றது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் புத்தகமும் தேர்வுக் கட்டணமும் அந்த ஸ்டியரிங்கிலிருந்துதான் வந்தன.

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2021-இல் ஒருமுறை புதுப்பித்தாயிற்று. 2026-இல் மறுபடியும் செய்தாக வேண்டும். அம்பாசிடர் உற்பத்தியோ 2014-இல் உத்தரபாராவில் நின்றுவிட்டது. உதிரிப் பாகம் தேடி அப்பா மதுரைக் கடைகளில் ஏறி இறங்கிக் கொண்டிருந்தார். டீச்சரம்மாவின் முழங்காலும் தேய்ந்து வந்தது.

2025 அக்டோபரில் ஒரு நாள் சார் என்னை அழைத்தார். "சின்ன வண்டியாக, உயரமாக, உட்காரச் சுகமாக ஒன்று வேண்டும். எஸ்.யூ.வி. என்கிறார்களே, அதில் சின்னது. எனக்குத் தெரிந்தது வரலாறு. திருப்பு விசை, குதிரைத் திறன் எல்லாம் நீ படிக்கிற பாடம். பார்த்து ஓர் அட்டவணை போட்டுக் கொடும்மா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்கு கம்பெனிகளின் விளக்கப் புத்தகங்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன்.

சுகம் என்றால் என்ன? முதலில் இந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கு நின்றேன். ஏறி இறங்குவது ஒரு சுகம். இருக்கை தாழ்ந்திருந்தால் முதியவர்கள் உள்ளே விழ வேண்டும். மிக உயர்ந்திருந்தால் படி ஏற வேண்டும். நின்றபடி பின்னால் சாய்ந்தால் உட்காரும் இடம் தானே வந்து தாங்க வேண்டும். சிறிய எஸ்.யூ.வி. என்பது பெரும்பாலும் உயரம் கூட்டிய கார்தான். அந்த உயரமே டீச்சரம்மாவுக்கு வேண்டியது. ஆனால் உயரம் கூடினால் ஈர்ப்பு மையமும் மேலே போகும். கொண்டை ஊசி வளைவில் வண்டி சாயும். சாயாதிருக்க ஸ்பிரிங்கை விறைப்பாக்கினால் பள்ளத்தில் தூக்கிப் போடும். மென்மையாக்கினால் வளைவில் வயிற்றைப் புரட்டும். ஒன்றைப் பெற ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்பது ஆய்வுக்கூடத்தில் மட்டுமல்ல, சாலையிலும் விதி.

அடுத்தது நீளம். அம்பாசிடர் 4,325 மி.மீ. நீளமுள்ளது. இன்றைய சிறு வண்டிகள் ஏன் நான்கு மீட்டருக்குள் அடங்குகின்றன என்று தேடியபோது, காரணம் பொறியியலில் இல்லை, வரியில் இருந்தது. 2006ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கை, நீளம் 4,000 மி.மீ., பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி., டீசல் எஞ்சின் 1,500 சி.சி. என்று வரம்பு கட்டி, அதற்கு உட்பட்டவற்றுக்கு வரியைக் குறைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் இவ்வகைக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி.யும் கூடுதல் தீர்வையும் நீங்கி 18 சதவீதமாயிற்று. நான் பார்த்த புத்தகங்களின்படி டாடா பஞ்ச் 3,827 மி.மீ.; ஹூண்டாய் எக்ஸ்டர் 3,815; நிசான் மேக்னைட் 3,994; மாருதி பிரெஸ்ஸா 3,995. பிரெஸ்ஸா நீளத்தில் அடங்கினாலும் அதன் எஞ்சின் 1,462 சி.சி. என்பதால் வரி 40 சதவீதம். தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி பஞ்சுக்கு 187 மி.மீ., எக்ஸ்டருக்கு 185, மேக்னைட்டுக்கு 205. தோட்டத்து மண்பாதையில் கல் இடிக்காமலிருக்க இது வேண்டும். இவ்வாறு என் அட்டவணை நாளுக்கு நாள் அகன்றது.

கடைசியாகக் கியர். ஒரு ஞாயிறன்று தாண்டிக்குடிக்குச் சென்ற அம்பாசிடரில் நானும் முன்னிருக்கையில் அமர்ந்தேன். அப்பா கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் நோட்டில் ஒரு கோடு போட்டேன். வீட்டு வாசலிலிருந்து தோட்டம் வரை 418 கோடுகள். அவ்வளவு முறையும் அதே இடதுகால். இரவில் அம்மா அப்பாவின் இடது முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பதை நான் சிறு வயதிலிருந்தே பார்த்து வருகிறேன். அதை இந்த எண்ணோடு சேர்த்து நினைத்தது அன்றுதான். தானியங்கிக் கியர் வண்டியில் கிளட்ச் மிதியே கிடையாது. அதில் மலிவான வகையில் கியர் பெட்டி வழக்கமானதுதான். கிளட்சை விடுவதையும் கியரை மாற்றுவதையும் மட்டும் ஒரு கருவி செய்துவிடுகிறது. டீச்சரம்மாவுக்கு உயர்ந்த இருக்கை, அப்பாவுக்குக் கிளட்ச் இல்லாத கால். விடை கண்டுவிட்டதாகத் துள்ளினேன்.

துள்ளல் நீடிக்கவில்லை. மதுரையில் வேலை பார்க்கும் சாரின் மகள் அந்தச் சனிக்கிழமை வந்திருந்தார். "ஆட்டோமேட்டிக் வாங்குங்கப்பா. எனக்கே ஓட்ட வரும். அப்புறம் டிரைவர் எதற்கு?" என்று அவர் சொன்னது, கூடத்தில் அமர்ந்து குறிப்பெழுதிக் கொண்டிருந்த என் காதில் விழுந்தது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வீட்டுச் செலவுக் கணக்கில் சொன்னார். அந்தக் கணக்கின் மறுபக்கத்தில் எங்கள் அரிசி இருந்தது.

அன்றிரவு அட்டவணையைத் திருத்தி எழுதினேன். தானியங்கிக் கியருக்கு விலை அதிகம். மலிவான வகையில் கியர் மாறும்போது சிறு குலுக்கல் தெரியும். ஏற்றத்தில் மெல்லப் போகும்போது தயங்கும். இவற்றையெல்லாம் முதலில் வரிசையாக வைத்தேன். கால் வலிக்காது என்பதை எங்கும் வைக்கவில்லை. பொய் ஒன்றும் எழுதவில்லை, நண்பர்களே! எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மை. உண்மைகளைப் பொறுக்கி அடுக்கியதில்தான் பொய் இருந்தது.

"படிச்சுக் காட்டு தாயி" என்றார் அப்பா. அவர் ஐந்தாம் வகுப்பு. கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார்.

"கிளட்ச் இல்லாத வண்டியில நல்லது ஒண்ணுமே இல்லையா?"

நான் மௌனமாக இருந்தேன். சனிக்கிழமைப் பேச்சு அவருக்கும் தெரிந்திருந்தது.

"பத்தொன்பது வருசமா டீச்சரம்மா இறங்குறப்ப கதவைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். சார் நம்மளை நம்பிக் கேட்டாரு. என் சம்பளத்தை அந்தத் தாளுக்குள்ள ஒளிச்சு வைக்காத. அது என் கவலை, நான் பாத்துக்கிறேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். விளக்கை மறுபடி ஏற்றி, மூன்றாம் முறையாக எழுதினேன். கடைசிப் பத்தியில், "பரிந்துரை: தானியங்கிக் கியர்" என்று எழுதும்போது கை நடுங்கியது.

வண்டிக் கடையில் விற்பனையாளர் சாரிடமும் அவர் மகளிடமும் மட்டுமே பேசினார். கூரைக் கண்ணாடியையும் பெரிய திரையையும் காட்டினார். அப்பா வாசலோரம் நின்றார். "எங்கப்பாவும் உட்கார்ந்து பார்க்கட்டும் சார். அதிக நேரம் அதில் இருக்கப் போகிறவர் அவர்தான்" என்றேன். சொன்ன பிறகுதான் என் துணிச்சல் எனக்கே தெரிந்தது. சார் உடனே சாவியை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னார்.

அப்பா திரையைத் தொடவே இல்லை. இருக்கையை உயர்த்தி, முதுகைச் சாய்த்து, தூண் மறைக்கும் இடத்தைத் தலையை அசைத்துப் பார்த்தார். அருகிலிருந்த மேம்பால ஏற்றத்தில் நிறுத்தி, பிரேக்கை விட்டதும் வண்டி பின்னால் உருள்கிறதா என்று சோதித்தார். ஸ்டெப்னி எங்கே, எந்த அளவு என்று கேட்டார். திரும்பி வந்து, டீச்சரம்மாவை மூன்று முறை ஏறி இறங்கச் செய்தார். மூன்றாம் முறை அவர் கதவைப் பிடிக்காமல் இறங்கினார். என் அட்டவணையின் இருபத்திரண்டு வரிகளும் சொல்லாததை அந்தக் கால்மணி நேரம் சொல்லிற்று. எந்த வண்டி வாங்கினார்கள் என்று எழுதினால் விளம்பரமாகிவிடும்; விட்டுவிடுகிறேன்.

கதை சுபமாக முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். சாரின் மகளுக்கு மலைப்பாதையில் வளைவெடுக்கக் கற்றுக் கொடுத்தவர் என் தந்தையே. இப்போது சனி, ஞாயிறுகளில் அவர் ஓட்டுகிறார். அப்பாவுக்கு வாரத்தில் நான்கு நாட்கள்தான் வேலை. சம்பளமும் அதற்கேற்பக் குறைந்துவிட்டது. மற்ற நாட்களில் ஆக்டிங் டிரைவராகப் போகிறார். சில நாட்கள் அழைப்பு வருவதில்லை. தைல பாட்டில் மட்டும் முன்போல விரைவாகக் காலியாவதில்லை.

நம் ஆய்வுக்கூடத்தில் முதலில் சொல்லித் தருவது இடமாறு தோற்றப் பிழை. முள்ளைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அளவு மாறித் தெரியும். முள்ளுக்கு நேரெதிரே கண்ணை வைக்க வேண்டும். நான் எங்கள் வீட்டு அரிசிப் பானைக்குப் பக்கத்தில் நின்று அளந்தேன். கண்ணை நேரே வைக்கச் சொன்னவர் ஆய்வுக்கூடத்தையே பார்த்திராத ஒருவர். பட்டம் வாங்கும் நாளில் என்னைப் பற்றி என்ன சொன்னாலும் சொல்லட்டும். என் முதல் ஆசிரியர் அந்த இருக்கையில்தான் அமர்ந்திருக்கிறார்.