தளர்ந்த திருகாணி

பெங்களூர் சிக்னலில் பிரேக் பிடித்தேன். சைக்கிள் நின்றது, ஷூ பெடலை விடவில்லை. அப்படியே வலப்பக்கம் சாலையில் சரிந்தேன். பின்னால் வந்த பஸ் ஒரு முழம் தள்ளி நின்றது.

ஷூவின் அடியிலுள்ள உலோகத் துண்டைப் பெடலின் ஸ்பிரிங் கவ்விக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விடும். 1985இல் பெர்னார் இனோ டூர் தெ பிரான்ஸை வென்றது இவ்வகைப் பெடலில்தான். பந்தயத்துக்கு இறுகிய பிடி சரி, சிக்னலுக்கு ஆகாது.

அன்றிரவே 3 மி.மீ. ஆலன் கீயால் திருகாணிகளை இடஞ்சுழியாகத் தளர்த்தினேன். இரண்டு பெடல்களிலும், இரண்டு பக்கமும், ஒரே அளவு. சுவரைப் பிடித்தபடி பலமுறை மாட்டிக் கழற்றிப் பார்த்தேன்.

வேகமாக ஓட்டும் நண்பர்கள் இறுக்கச் சொல்கிறார்கள். அந்த பஸ்ஸின் பிரேக் சத்தத்தை அவர்கள் கேட்கவில்லை.