காந்தம் ஒட்டாத கதவு

எங்கள் ஐ10 காரை 2014-இல் வாங்கியபோது நல்ல வெள்ளி நிறம். இப்போது கூரையும் பானெட்டும் தேமல் படர்ந்த மாதிரி உரிந்து கிடக்கின்றன. செம்பூரில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் மூடிய பார்க்கிங் கிடையாது. வெயில், நாலு மாத மழை, கடல் காற்று எல்லாம் அதன் தலையில்தான். "அடுத்த மாசம் தங்கச்சி குடும்பத்தோட வரா. இந்த வண்டியிலயா ஸ்டேஷனுக்குப் போகப் போறீங்க?" என்று தங்கமணி கேட்டதில் ஆரம்பித்தது.

பேங்க்காரன் புத்தி. மூன்று கொட்டேஷன் இல்லாமல் எதுவும் ஓடாது. (எங்களுக்கு லோன் ஃபைலில் வரும் மூன்று கொட்டேஷனிலும் ஒரே எழுத்துப்பிழை இருக்கும். அது வேறு கதை!)

முதலில் வழக்கமாக சர்வீஸுக்கு விடும் பெரிய இடம். ஏசி ஹால், காபி மெஷின், 62,000 ரூபாய். "எதுக்கு சார் கைக்காசு? ரெண்டு பக்கமும் தூண்ல உரசிட்டதா எழுதி க்ளெய்ம் போட்டுடலாம்" என்றான் பையன், குரலைக்கூடத் தாழ்த்தாமல். வெயிலில் மங்குவது தேய்மானம், பாலிசி அதற்குத் தராது என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஒரு நிமிஷம் மனசு சபலப்பட்டது நிஜம். பொய் என்பதால் வேண்டாம் என்றேனா, 50 சதவீத நோ க்ளெய்ம் போனஸ் போய்விடுமே என்றா? கேட்காதீர்கள்.

அடுத்தது குர்லா சி.எஸ்.டி. ரோடு. 20,000 ரூபாய், மூன்றே நாள். அங்கே வேலை முடிந்து நின்ற ஒரு வண்டியின் கதவைத் திறந்து பார்த்தேன். ரப்பர் பீடிங்கைக் கழற்றாமல் பேப்பர் ஒட்டி அடித்திருந்தார்கள். ஓரத்தில் கோடு தெரிந்தது. அந்தக் கோட்டிலிருந்துதான் நாளைக்கு உரியும். நைசாக நழுவினேன்.

மூன்றாவது, கோவண்டிப் பக்கம் ஒரு தகர ஷெட். மிஸ்திரி உத்தரப் பிரதேசத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். விலை எதுவும் சொல்லவில்லை. பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். முன் பம்பரில் ஒட்டவில்லை. பதறிவிட்டேன். "அது பிளாஸ்டிக், சாப்" என்று சிரித்தார். இடது பின் கதவிலும் ஒட்டவில்லை. இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

"இங்க தகட்டுக்கு மேல பட்டிதான் இருக்கு. இடி வாங்கின கதவா?"

ஆமாம். 2018-இல் ஒரு டெம்போ இடித்தது. இன்சூரன்ஸில் புதுக் கதவு போட்டார்கள். அதாவது, போட்டதாக பில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து ஃபைலைத் தேடி எடுத்தேன்: பின் கதவு, இடது, ஒன்று. கீழே 'வேலை திருப்தி' என்று என் கையெழுத்து, தேதியோடு. அதே ஏசி ஹால்தான். அன்றைக்குக் காபி குடித்துக்கொண்டே போட்டது. தூணில் உரசியதாக எழுதலாம் என்று அந்தப் பையன் ஏன் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான் என்று அப்போதுதான் புரிந்தது. ஒரு பொய் க்ளெய்மில் எட்டாத தூரத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் பெயரிலேயே ஒன்று ஏற்கெனவே பாஸாகியிருக்கிறது!

பட்டி ஈரத்தைக் குடிக்குமாம். அடியில் துரு பிடித்திருக்கலாம், சுரண்டினால்தான் தெரியும் என்றார் மிஸ்திரி. மொத்தம் 38,000 ரூபாய். கதவுக்குத் தனியாக 3,500. பட்டி போடுவதற்கு முன்னால் ஒருநாள் வந்து வெறும் தகட்டைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று அவராகவே சொன்னார். எனக்கு அது போதும். மகள் சிவப்பு அடிக்கலாம் என்றாள். ஆர்.சி.யில் நிறத்தை மாற்ற ஆர்.டி.ஓ.வுக்கு அலைய என்னால் ஆகாது. அதே வெள்ளிதான்.

ஆனால் உடனே செய்ய மாட்டாராம். "மழை நிக்கட்டும் சாப். ஈரக்காத்துல கிளியர் கோட் பால் மாதிரி வெளுத்துடும்."

தங்கமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்போ அன்னிக்கு என்னத்தப் பாத்துக் கையெழுத்துப் போட்டீங்க? ஆபீஸ்லயும் இப்படித்தானா?" என்றாள்.

மைத்துனி குடும்பத்தைக் குர்லா டெர்மினஸிலிருந்து டாக்ஸியில் அழைத்து வந்தோம். தசரா முடிந்ததும் வண்டி ஷெட்டுக்குப் போகிறது. தகட்டைப் பார்க்க ஒருநாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.